ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால்

நூல் மூட்டையாக ஊருக்குள் வருவது பனியனாகப் பெட்டியில் வெளியேறுவதற்குள் எத்தனை தடவை வண்டி ஏறி இறங்குகிறது என்று திருப்பூரின் நல்லூரில் யாரும் எண்ணுவதில்லை. எண்ணினால் மலைப்பாக இருக்கும். குடோனிலிருந்து நிட்டிங்குக்கு ஒரு தடவை. நிட்டிங்கிலிருந்து சாயப்பட்டறைக்கு. அங்கிருந்து காம்பாக்டிங், பிறகு கட்டிங். வெட்டிய துணி பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் தனித்தனியாகப் போய்த் திரும்பும். தையலை ஜாப் ஒர்க் கொடுத்தால் இன்னொரு தெரு. செக்கிங்கும் அயர்னிங்கும் பேக்கிங்கும் ஒரே கூரையின் கீழ் அமைந்தால் அது பாக்கியம். பெரிய ஆலையொன்றில் தள்ளுவண்டியில் அடுத்த கட்டடத்துக்குப் போகும் சரக்கு, இங்கே காங்கயம் சாலையிலும் சந்துகளிலும் டீசல் வண்டியில் போகிறது. திருப்பூரை ஒரே தொழிற்சாலை என்று கொண்டால், அதன் கன்வேயர் பெல்ட் இந்தச் சின்ன சரக்கு வண்டிகள்தான்.

அந்த பெல்ட்டுக்குள் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். காலை ஷிஃப்ட் தொடங்கும்போது கட்டிங் மேஜைக்குத் துணி வந்திருக்க வேண்டும் என்பதற்காக விடியுமுன் கிளம்பியவர். இரவு சாயப்பட்டறை வாசலில் லாட் முடியும்வரை காத்திருந்து ஏற்றி வருபவரும் அவரே. வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர் செக்கிங் மேஜைக்கு மேலே லக்ஸ் மீட்டரைப் பிடித்து வெளிச்சத்தை அளக்கிறார். தைப்பவரின் நாற்காலிக்கு முதுகு இருக்கிறதா என்று பார்க்கிறார். அவசர வழியில் பெட்டி அடுக்கியிருந்தால் எழுதிக்கொள்கிறார். எல்லாம் நல்லதே, இவற்றால் கம்பெனிகள் மாறியிருக்கின்றன. ஆனால் ஆடிட்டரின் நடை கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே நிற்கும் வண்டியின் கேபினும் ஒரு வேலையிடம், அங்கேயும் ஒரு நாற்காலி, ஒரு வெளிச்சம், ஒரு ஆபத்து உண்டு என்பது எந்தப் படிவத்திலும் ஏறவில்லை. வண்டி பெரும்பாலும் வாடகை வண்டி, ஓட்டுநர் பெரும்பாலும் வெளி ஆள். அதனால் அவர் யார் கணக்கிலும் வருவதில்லை.

வண்டி வாங்கும்போது இங்கே மூன்று கேள்விகள் கேட்கிறார்கள்: எத்தனை டன் தாங்கும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், மாதத் தவணை எவ்வளவு. உள்ளே உட்கார்ந்தால் என்ன தெரிகிறது என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. நல்லூர், ராக்கியாபாளையம், முதலிபாளையம் பக்கம் துணி வண்டிகளில் லோடுமேன் இருக்கையில் உட்கார்ந்து போய்வந்த பழக்கத்தில், அந்த நான்காவது கேள்வியை இங்கே முழுசாகக் கேட்டுப்பார்க்க நினைக்கிறேன்.

வண்டிகளின் வரலாறு நீளமானதல்ல. 'டெம்போ' என்ற சொல் பஜாஜ் டெம்போ கம்பெனியின் பெயரிலிருந்து வந்து, கம்பெனியின் பெயரே மாறிப் போன பிறகும் ஊர் வாயில் நிற்கிறது. எண்பதுகளின் நடுவில் ஜப்பானியக் கூட்டோடு நான்கு வண்டிகள் வந்தன: டிசிஎம் டொயோட்டா, ஐச்சர் மிட்சுபிஷி, ஸ்வராஜ் மஸ்டா, ஆல்வின் நிஸ்ஸான். அவற்றுக்குப் போட்டியாக 1986-இல் டாட்டா 407-ஐ இறக்கியது. இவையெல்லாம் மூட்டைக்கணக்கில் ஏற்றும் வண்டிகள். சந்துக்குள் நுழைந்து இருபது சுருள் துணியை இறக்கிவிட்டுத் திரும்ப, மூன்று சக்கர வண்டிதான் அப்போது கதி. 2005 மே மாதம் டாட்டா ஏஸ் வந்ததும் அது மாறியது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், முக்கால் டன். ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயர் வைத்தது. 2011-இல் அசோக் லேலண்டும் நிஸ்ஸானும் சேர்ந்து ஓசூரில் செய்த தோஸ்த் வந்தது, ஒன்றேகால் டன். அதே ஆண்டு ஜனவரியில்தான் உயர் நீதிமன்ற உத்தரவால் இங்கே சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. துணி வெளியூர்களுக்குப் போய்ச் சாயமேறித் திரும்பியது. பக்கத்துத் தெருவுக்கு ஓடிய வண்டிகள் ஜில்லா தாண்டி ஓடின. கேபின் எவ்வளவு முக்கியம் என்பது அந்த மாதங்களில் ஓட்டியவர்களின் இடுப்புக்குத் தெரியும். நல்லூர் நகராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்ததும் 2011-இல்தான். விஸ்வேஸ்வரர் கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள் அதற்காக அகலமாகிவிடவில்லை.

இன்று ஓடுவனவற்றை உருவத்தால் இரண்டாகப் பிரிக்கலாம். மூக்கு நீண்டவை: மஹிந்திரா பொலிரோ பிக்கப், டாட்டா யோதா, அபூர்வமாக இசுசூ டி-மேக்ஸ். முகம் தட்டையானவை: ஏஸ், தோஸ்த், 2016-இல் வந்த மாருதி சூப்பர் கேரி, 2020-இல் வந்த படா தோஸ்த். பார்வையைப் பற்றிய பேச்சில் பாதி இந்தப் பிரிவிலேயே அடங்கிவிடும்.

கணக்கு எளிது. ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 170 செ.மீ. உயரத்தில், பானெட்டின் முன்விளிம்பு 110 செ.மீ. உயரத்தில், இரண்டுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்குக்காக எடுத்த எண்கள், எந்த மாடலின் அளவும் அல்ல. பார்வைக் கோடு 2 மீட்டர் போவதற்குள் 60 செ.மீ. இறங்குகிறது. தரையைத் தொட இன்னும் 110 செ.மீ. இறங்க வேண்டும்; அதற்கு ஏறத்தாழ 3.7 மீட்டர் தேவை. அதாவது வண்டியின் மூக்குக்கு முன்னால் மூன்றரை மீட்டருக்கும் கூடுதலான தரை மறைந்திருக்கும். தட்டை முக வண்டியில் அதே கண் உயரத்துக்கு, கண்ணாடியின் கீழ்விளிம்பு 120 செ.மீ. உயரத்தில் 80 செ.மீ. முன்னால் இருந்தால், மறையும் தரை 2 மீட்டருக்குள் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கில் என்னை உலுக்கியது வேறொன்று. ஓட்டுநரின் கண்ணைப் பத்து செ.மீ. கீழே இறக்கிப் பாருங்கள். மூக்கு வண்டியில் 3.7 மீட்டர் 4.4 மீட்டராகிறது. தட்டை முகத்தில் அரை மீட்டர் கூடுகிறது. பத்து செ.மீ. என்பது ஒரு நெட்டை ஆளுக்கும் குட்டை ஆளுக்கும் உள்ள வித்தியாசம். நாலு வருஷத்தில் அமுங்கிப்போன சீட் ஸ்பாஞ்சும் அதில் பாதியைத் தின்றுவிடும். இந்த வண்டிகளில் சீட்டை முன்னே பின்னே நகர்த்தலாம், உயர்த்த முடியாத வண்டிகளே அதிகம். நல்லூர் ஓட்டுநர்கள் அதற்கு வைத்திருக்கும் வைத்தியம் கட்டிங் வேஸ்ட். பனியன் துணித் துண்டுகளைப் பையில் திணித்து, தட்டி, மேலே உட்கார்ந்துகொள்கிறார்கள். கண்ணாடி துடைப்பதும் அதே துணியில்தான். கண்ணை உயர்த்தும் அந்தத் திண்டைச் சொகுசு என்று நினைப்பது தவறு. அது பாதுகாப்புக் கருவி.

பொலிரோவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதன் பானெட் சதுரமானது. இரண்டு மூலையும் இருக்கையிலிருந்தே தெரியும். வண்டி எங்கே முடிகிறது என்று ஓட்டுநருக்கு ஐயமே இல்லை. நூல் மூட்டை ஏற்றி நெடுஞ்சாலையில் போகிறவருக்கு, முன்னால் இஞ்சினும் இரும்பும் இருப்பது மோதலில் உயிர் காக்கும் இடைவெளி. தட்டை முக வண்டியில் அந்த இடைவெளியாக இருப்பது ஓட்டுநரின் முழங்கால். தெருவைப் பார்க்க வைக்கிற உருவமும் மோதலைத் தாங்குகிற உருவமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. நாளெல்லாம் சந்தில் சுற்றும் ஜாப் ஒர்க் வண்டிக்குத் தட்டை முகம், ஊர்விட்டு ஊர் ஓடும் நூல் வண்டிக்கு மூக்கு என்பதே என் கட்சி. ஒரே வண்டியை இரண்டுக்கும் ஓட்டுவதுதான் இங்கே நடைமுறை, அதில்தான் தொந்தரவு.

அமெரிக்காவில் இதே கேள்வி வேறு பருமனில் கேட்கப்படுகிறது. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, ஷெவர்லே சில்வராடோ என்று கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் கொண்ட பிக்கப்கள் அங்கே குடும்ப வண்டி. அவற்றின் உட்புறத்தைப் பற்றி அவர்கள் பேசுவது வீட்டுக் கூடத்தைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும். 2019 ராமில் 12 அங்குலத் திரை நெடுக்காக வந்தது. 2021 எஃப்-150-இல் கியர் லீவரை மடித்துவிட்டு அதன்மேல் பலகை விரித்து எழுதலாம். ஆனால் கூடம் பெரிதாகப் பெரிதாக ஜன்னல் சிறுத்தது. 2009-இல் கூரை வலிமை விதியை அமெரிக்க அரசு கடுமையாக்கியதும் தூண்கள் பருத்தன. அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்புக் கழகம் வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் ஆரத்துக்குள் எத்தனை சதவீதம் கண்ணுக்குத் தெரிகிறது என்று அளந்தது. 1997 எஃப்-150-இல் 43. 2015 மாடலில் 36. ஷெவர்லே சபர்பனில் 56-ஆக இருந்தது 28-ஆகப் பாதியானது. அதே கழகம் சுமார் 18,000 விபத்துகளை ஆராய்ந்து 2023-இல் சொன்னது இன்னும் கடுமை: பானெட் ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டியைவிட நடந்துபோகிறவர் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம்.

நம் வண்டிகளின் தூண் இன்னும் மெல்லியது. கூரை மெல்லியது என்பதாலும்தான் அது. எனவே முன்பக்கப் பார்வையில் குட்டியானை ஓட்டுகிறவர் அமெரிக்கரைவிட வசதியானவர். அவருக்குக் கண் இல்லாத இடங்கள் இரண்டு: பின்பக்கமும் இடது கதவடியும்.

பின்பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நிட்டிங்கில் இறங்கும் ஒரு சுருள் இருபது, இருபத்தைந்து கிலோ. முக்கால் டன் வண்டிக்கு முப்பது சுருள் என்பது கணக்கு. எடை நிறைவதற்கு முன்பே அடுக்கு உயர்ந்து கேபினின் பின்கண்ணாடி மறைந்துவிடும். தைத்த பீஸ் இன்னும் லேசு, இன்னும் உயரமாக ஏறும். மழைக்கும் தூசிக்கும் அஞ்சி கண்டெய்னர் பாடி கட்டிய வண்டியில் பின்கண்ணாடி பெயருக்குத்தான். ஆகவே துணி வண்டியில் பின்பார்வை என்பது இரண்டு பக்கக் கண்ணாடிகள் மட்டுமே. அவையும் குவி ஆடிகள். பரப்பு அதிகம் காட்டும், பொருளைச் சின்னதாக, தூரத்தில் இருப்பதாகக் காட்டும். பாடியைவிட்டுச் சுருள் பிதுங்கியிருந்தால் கண்ணாடியில் தெரிவது துணி.

இந்தக் குறையை இத்தனை காலம் நிரப்பியது ஒரு ஆள். லோடுமேன் இறங்கி, பின்னால் போய், பாடியில் தட்டி, "வா வா வா... லெஃப்ட்ல ஒடி... ஹோல்டான்!" என்று குரல் கொடுப்பார். வண்டிக்கு இரண்டு ஜோடிக் கண் இருந்தது. வாடகை இறுகியபோது முதலில் இறக்கிவிடப்பட்டது அந்த இரண்டாவது ஜோடி. இன்று ஒற்றை ஆளாக ஓட்டி, ஏற்றி, டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கிப் போகிறவர்கள் பெருகிவிட்டார்கள். "கண்ணாடிய நம்பி எப்புடீங்க பின்னால போறது? இறங்கிப் பாத்துட்டு ஏறறதுக்குள்ள பின்னால வர்றவன் ஹாரன் அடிக்கறானுங்க" என்றார் ஒருவர். கேபினில் காலியாக இருக்கும் இடது இருக்கையை நான் செலவு மிச்சமாகப் பார்க்கவில்லை. பார்வையில் விழுந்த ஓட்டையாகவே பார்க்கிறேன். பின்பக்கக் கேமரா அந்த ஓட்டையில் பாதியை அடைக்கும். 2024 செப்டம்பரில் வந்த மஹிந்திரா வீரோவின் உயர் வகைகளில் அது இருக்கிறது, ஓட்டுநருக்கு ஏர்பேக்கும் உண்டு. கார்களுக்கு 2019 ஜூலையிலிருந்தே ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். பழைய வண்டிக்கும் கேமரா பொருத்தித் தருகிறார்கள். அது ஒரு டயர் விலையைவிட அதிகமில்லை.

கேமராவும் கண்ணாடியும் நேர்ப்பார்வைக்கு ஈடா என்பது லண்டனில் ஆராயப்பட்டது. கண்ணாடி வழியே ஆளைக் கண்ட ஓட்டுநர்கள், ஜன்னல் வழியே நேராகக் கண்டவர்களைவிட சராசரி 0.7 விநாடி தாமதமாகவே பிரேக்கை எட்டினார்கள். மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் அது 4.7 மீட்டர். நல்லூர்ச் சந்தில் 4.7 மீட்டருக்குள் ஒரு வீட்டு வாசலும் ஒரு கோலமும் ஒரு மளிகைக் கடையும் வந்துவிடும். இதன் பேரில்தான் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு லண்டன் நட்சத்திர மதிப்பெண் கொடுக்கத் தொடங்கியது. இருக்கையிலிருந்து நேராக எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு நட்சத்திரம். 2021 மார்ச் முதல் தண்டத்தோடு அமல், 2024 அக்டோபர் முதல் மூன்று நட்சத்திரமாவது வேண்டும், இல்லையேல் கூடுதல் கருவிகள் பொருத்த வேண்டும். பார்வைக்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. எண் இருந்தால் பேரம் பேசலாம், ஒப்பிடலாம், தவணைக்காரரிடமும் கேட்கலாம். நம் ஷோரூம் நோட்டீஸில் டர்னிங் ரேடியஸ் இருக்கிறது, கிரவுண்ட் கிளியரன்ஸ் இருக்கிறது, பார்வைக்கு எண் இல்லை.

முன்கண்ணாடியை நாமே சுருக்கிக்கொள்வதையும் சொல்லாமல் விட முடியாது. மேலே பட்டையாகக் குலதெய்வத்தின் பெயர், நடுவில் தொங்கும் மாலை, ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம், கீழே போன் ஹோல்டர். தெய்வம் வண்டியில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. டேஷ்போர்டில் தாழ்வாக வைத்தால் தெய்வமும் இருக்கும், சாலையும் தெரியும். போன்தான் பெரிய மறைப்பு. ஓட்டுநருக்கும் இடது முன்மூலைக்கும் நடுவே சரியாக நிற்கிறது, சைக்கிளும் பள்ளிப் பிள்ளையும் வருகிற மூலை அதுதான். கறுப்பு ஃபிலிமை 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தடுத்துவிட்டது. முன், பின் கண்ணாடி 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது 1989 மோட்டார் வாகன விதி. ஆனாலும் மத்தியான வெயிலுக்குத் துண்டைக் கண்ணாடியில் செருகி ஓட்டுகிறவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. ஏஸ், தோஸ்த், சூப்பர் கேரி மூன்றிலும் இஞ்சின் இருக்கைக்கு அடியில். சித்திரை மாதம் நல்லூரில் பன்னிரண்டு மணிக்கு, கீழே இஞ்சின், மேலே ஒற்றைத் தகடு, நடுவே ரெக்சின் சீட். முதுகைச் சாய்க்க முடியாது, பின்னால் உடனே கேபின் சுவர். தோஸ்த்தின் உயர் வகையில் தொடக்கத்திலேயே ஏசி உண்டு, வாங்கியவர்கள் குறைவு. ஏசியை நாம் சொகுசுக் கணக்கில் எழுதுகிறோம். ஐப்பசி மழையில் ஜன்னலை ஏற்றினால் மூச்சுக்காற்றில் கண்ணாடி வெளுத்துவிடும், இறக்கினால் தோள் நனையும். அப்போது பனியன் வேஸ்டால் ஒரு கையில் துடைத்து மறு கையில் ஓட்டுவதே வழக்கம். கண்ணாடியைத் தெளிய வைப்பது ஏசிதான். புதிதாகத் தயாராகும் லாரி கேபின்களில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு விதித்திருக்கிறது, அது 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு. நல்லூரின் துணி வண்டிகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்குக் கீழே. அந்தக் கோடு கீழே இறங்க வேண்டும் என்று தொழில் சங்கங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும். மின்சார ஏஸ் 2022-இல் வந்து இருக்கைக்கடிச் சூட்டை ஒரேயடியாக எடுத்துவிட்டது, இரைச்சலும் போயிற்று. அந்த அமைதியைத் தெருவில் முதுகைக் காட்டி நிற்பவர் கேட்க முடியாது என்பதால், ஓட்டுநரின் கண்ணுக்கு வேலை கூடுகிறது.

ஓட்டுகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இடமும் இல்லை. 7,500 கிலோவரையிலான சரக்கு வண்டியைச் சாதாரண இலகு ரக லைசென்ஸோடு ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு காப்பாற்றப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் காரில் பின்கண்ணாடியைப் பார்த்துப் பழகியவர், பின்கண்ணாடியே இல்லாத வண்டிக்கு மாறும்போது ஒரு நாள் பயிற்சியாவது தேவை. கம்பெனியின் தீயணைப்புப் பயிற்சி நாளில் வண்டிக்காரர்களையும் உள்ளே கூப்பிட்டால் அரைமணி நேரத்தில் முடிகிற காரியம்.

அப்படியொரு அரைமணி நேரத்தைச் சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, சம்பள நெரிசல் தொடங்குமுன், எங்கள் தெருவில் செய்து பார்த்தோம். நிட்டிங் குடோனில் காலிக் கோன்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மூன்று வயசுக் குழந்தையின் உயரத்துக்கு ஒரு தூண் செய்து, நின்றிருந்த வண்டியைச் சுற்றி இடம் மாற்றி மாற்றி வைத்தோம். இருபது வருஷம் ஓட்டியவர் உள்ளே இருந்தபடி தெரிகிறது, தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தார். முன்னால் இரண்டு எட்டில் உச்சி தெரிந்துவிட்டது. வலப்பக்கம் எங்கே வைத்தாலும் தெரிந்தது. இடது கதவை ஒட்டி வைத்தபோது பேச்சு நின்றது. கண்ணாடியில் பார்த்தார், எக்கிப் பார்த்தார், "வெச்சாச்சுங்களா?" என்று கேட்டார். வைத்தாயிற்று என்றதும் இறங்கிச் சுற்றி வந்து, கோன் தூணை நகர்த்திவிட்டு அது நின்ற இடத்தில் தானே குந்தி உட்கார்ந்து மேலே பார்த்தார். அங்கிருந்து அவருடைய இருக்கை தெரியவில்லை, ஸ்டீயரிங்கும் தெரியவில்லை. கதவின் பெயின்ட் மட்டும் தெரிந்தது.